கருப்பைக் கழுத்து மாதிரி குழப்படி காட்டினால்: அறிகுறியிலிருந்து பின்னோக்கி ஒரு வழிமுறை

பெண் பிறப்புறுப்புப் பாதையின் நிர்ப்பீடனத்தை (நோயெதிர்ப்பை) படிக்க எடுத்த மாதிரி ஆய்வுகூடத்தில் குழப்படி காட்டும்போது, எல்லோருடைய சந்தேகமும் முதலில் சாயமிட்ட கலங்களை லேசரால் எண்ணும் கருவியின் (புளோ சைட்டோமீற்றர்) மேல்தான் விழும். லேசர் சரியில்லையோ, பிறபொருளெதிரி பழசோ, கிட் பழுதோ என்று தேடுவோம். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. கோளாறு கிளினிக் அறையில் நடந்திருக்கும், இல்லாவிட்டால் கிளினிக்கிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில். அதனால்தான் இதைப் பின்னோக்கி எழுதுகிறேன். டியூபிலோ திரையிலோ என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, மாதிரி எடுத்த கட்டில் வரைக்கும் போய்ப் பாருங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சுகவனிதையர் கிளினிக்குகளோடு சேர்ந்து வேலை செய்யும் மாணவர்கள், தாதியர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெண்ணின் எழுத்துச் சம்மதமும் கையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விடயங்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 35 வயதிலும் 45 வயதிலும் பாப் பரிசோதனைக்கு (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை) வரும் பெண்ணின் முதல் மாதிரி அவருடைய பரிசோதனைக்கு உரியது. கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களைத் தேய்த்தெடுக்கும் நமது சிறு பிரஷ் அதற்குப் பிறகு, அல்லது வேறு நாளில். மற்றது, கர்ப்பிணிகளில் ஆய்வுக்காகப் பிரஷ் வேண்டவே வேண்டாம்.

டியூப் சிவப்பாக இருக்கிறது

அடிக்கடி வருவதும் ஆட்கள் அடிக்கடி கண்டுகொள்ளாமல் விடுவதும் இதுதான். "கொஞ்சம் இரத்தம்தானே, செங்குழியங்களை உடைத்துவிட்டால் சரி" என்று சொல்வார்கள். சரியில்லை. உடைக்கும் கரைசல் செங்குழியங்களை மட்டுமே அகற்றும். இரத்தத்தோடு வந்த வெண்குழியங்கள் அப்படியே இருக்கும், பிறகு அவற்றையும் கருப்பைக் கழுத்தின் கலங்கள் என்று எண்ணிவிடுவோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 இலட்சம் செங்குழியங்களும், 4,000 முதல் 11,000 வரை வெண்குழியங்களும் இருக்கும். அதில் நாம் தேடும் வெண்குழிய வகையான ரி கலங்கள் மட்டும் ஆயிரம், இரண்டாயிரம். ஒரு பிரஷில் நமக்குக் கிடைக்கும் ரி கலங்களே பல தடவை சில ஆயிரம்தான். அப்படியென்றால் கண்ணுக்கு இளஞ்சிவப்பாக மட்டும் தெரிகிற மாதிரியிலும் பாதிக் கலங்கள் இரத்தத்தின் கலங்களாக இருக்கலாம்.

என்ன செய்வது? டியூப் வந்தவுடன் நிறத்தை 0, 1, 2 என்று எழுதுங்கள். அதோடு சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டி ஒன்றை நனைத்து ஹீமோகுளோபினையும் பாருங்கள், செலவு மிகக் குறைவு. முடிந்தால் எண்ணும் கண்ணாடித் தட்டில் செங்குழியங்களை எண்ணி, மேலே சொன்ன விகிதத்தால் இரத்தத்திலிருந்து எத்தனை வெண்குழியங்கள் வந்திருக்கும் என்று மதிப்பிடுங்கள். திரையிலும் தடயம் கிடைக்கும். கருப்பைக் கழுத்தின் ரி கலங்கள் பெரும்பாலும் நினைவுக் கலங்கள், அதாவது முன்பு கிருமியைச் சந்தித்தவை. (சிடி, சிசிஆர் என்று தொடங்கும் பெயர்களெல்லாம் கலத்தின் மேற்பரப்பில் உள்ள குறிப் புரதங்கள்.) அங்குள்ள சிடி4 கலங்களில் சிசிஆர்5 இரத்தத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். உங்கள் மாதிரியில் சிடி45ஆர்ஏ, சிசிஆர்7 இரண்டும் உள்ள அனுபவமற்ற கலங்கள் நிறைய நின்றால், சிசிஆர்5 குறைவாக இருந்தால், சிடி19 உள்ள பி கலங்களும் கூட்டமாகத் தெரிந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இரத்தம். அதே பெண்ணின் இரத்த மாதிரியையும் அதே நாளில் ஓட்டியிருந்தால் இதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம். பக்கத்தில் ஒரு இரத்த டியூப் எடுங்கள் என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இனிக் கட்டிலுக்குப் போவோம். மாதிரி எடுத்த வரிசை என்ன? ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) முதலில், உள்ளே கழுவி எடுக்கும் கழுவுநீர் அடுத்தது, பிரஷ் கடைசி. பிரஷ் உரசும், கசியும். அது முதலில் போனால் பின்னால் எடுக்கும் எல்லாமே கெட்டுப்போகும். பிரஷை எப்படிச் சுழற்றினார்கள்? கீழ்வரிசை மயிர்கள் வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் கருப்பைக் கழுத்தின் வாயினுள் விட்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்று, 360 பாகை. உள்ளேயும் வெளியேயும் தேய்க்கக் கூடாது. "நிறையக் கலம் வேண்டும்" என்று ஆய்வுகூடத்திலிருந்து போன் போட்டுச் சொன்னால், தாதி மூன்று நான்கு தடவை சுழற்றத்தான் செய்வார். அந்தப் பிழை நம்முடையது. மாதவிடாய் முடிந்து எத்தனை நாள் என்றும் பாருங்கள். "முடிஞ்சிற்று" என்று அவர் சொன்ன பிறகும் உள்ளே கொஞ்சம் இருக்கும்.

மெதுவாகத் தொட்டும் இரத்தம் வருகிறதென்றால் கழுத்திலேயே அழற்சி இருக்கலாம். கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ் எல்லாம் அப்படிக் காட்டும். அந்த இடத்தில் ஆய்வு நிற்க வேண்டும், பெண்ணை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். மாதிரியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

டியூப் தெளிவு, ஆனால் கலங்களே இல்லை

பிரஷை டியூபிலிருந்து தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிர்களுக்கிடையே கண்ணாடி நூல்போல் சளி தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் கலங்கள் அங்கேதான் இருக்கின்றன, டியூபின் அடியில் இல்லை. ஊடகத்தை (டியூபில் இருக்கும் திரவத்தை) உறிஞ்சி மயிர்களின் மேல் பீய்ச்சி, பிரஷை டியூபின் சுவரில் உருட்டி உருட்டி, பத்துத் தடவையாவது கழுவுங்கள். பிரஷின் தண்டு டியூபுக்குள் பொருந்தும் நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்க வேண்டும். தண்டு நீண்டு மூடி சரியாகப் பூட்டாமல், வழியில் பாதி ஊடகம் கசிந்து வந்த டியூபுகள் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தது மையநீக்கி. வழிமுறையில் "1,500 சுற்று" என்று எழுதி ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துவிட்டு ஈர்ப்பு விசையின் மடங்கில் எழுதுங்கள். 300 முதல் 400 மடங்கு, 10 நிமிடம். ரோட்டரின் ஆரை மாறினால் அதே சுற்றுக்கு வேறு விசை. கல்முனையில் ஒரு மையநீக்கி, மட்டக்களப்பில் இன்னொன்று என்று வேலை செய்தால் இரண்டு இடத்து எண்களும் ஒருபோதும் பொருந்தாது. மேல்திரவத்தைக் கவிழ்த்து ஊற்றாதீர்கள், உறிஞ்சி எடுங்கள். அடியில் படிந்த கலக் குண்டு மிகச் சிறியது, வழுக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிரஷ் எடுத்து ஒரே டியூபில் போட்டால் எண்ணிக்கை நன்றாகக் கூடும். ஆனால் ஆய்வு முழுக்க ஒரே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். சிலரில் ஒன்று, சிலரில் இரண்டு என்று கலந்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவுக்குப் பிறகும் குறைவென்றால் அந்தப் பெண்ணில் அவ்வளவுதான். ஆளுக்காள் வித்தியாசம் இங்கே மிகப் பெரியது. சிடி3 கலங்கள் (ரி கலங்கள்) இத்தனைக்குக் கீழ் என்றால் விகிதம் சொல்வதில்லை என்ற எல்லையை ஆய்வு தொடங்குமுன் எழுதிவையுங்கள். 30 கலங்களை வைத்து "12.4 வீதம்" என்று எழுதுவது எண்ணுக்கு அழகாக இருக்கும், அதில் உண்மை இருக்காது.

கலங்கள் இருக்கின்றன, உயிர் இல்லை

இங்கே தூரமும் வெயிலும்தான் முதல் சந்தேகம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வாகரையும் பக்கமில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிறுத்தி வைத்த வாகனத்துக்குள் பெட்டியை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாலே போதும். மார்கழி மழையில் படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூடினால், மண்டூர்ப் பக்கமிருந்து வரும் மாதிரி எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து நான்கு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கழுவத் தொடங்க வேண்டும். அது நடக்காத கிளினிக் நாட்களில் பிரஷ் எடுக்காமல் ஸ்வாப் மட்டும் எடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சிரமம் குறையும், உங்களுக்கும் பயனில்லாத டியூப் ஒன்று குறையும்.

குளிர் கூடினாலும் கலம் சாகும். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை டியூபோடு ஒட்டி வைத்தால் ஓரத்து ஊடகம் உறைந்துவிடும். இதை நமக்குச் சொல்லித்தர குடும்பநல உத்தியோகத்தர்களை விட நல்ல ஆட்கள் இல்லை. தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் பொதியை வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர்கள் உள்ளே வைப்பார்கள். அதே முறைதான், அதே 2 முதல் 8 பாகை. மீன் வாடியில் வாங்கும் ஐஸைப் போடுவதென்றால் உப்பில்லாத ஐஸா என்று கேளுங்கள். உப்புக் கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். டியூபை மூடும் பைக்குள் போட்டுத்தான் ரெஜிபோம் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன வெப்பமானியும் கிடக்கட்டும்.

ஊடகம் வெறும் பிபிஎஸ் (பொஸ்பேற் உப்புக் கரைசல்) என்றால் அதை மாற்றுங்கள். 10 வீதம் சீரம் சேர்த்த ஆர்பிஎம்ஐ என்ற கல வளர்ப்பு ஊடகம் வேண்டும், பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் எதிரான மருந்துகள் சேர்ந்தபடி. யோனியின் பற்றீரியாக்கள் பிரஷோடு கூடவே வருகின்றன. சூட்டில் அவை பெருகினால் டியூப் பின்னேரம் பால்போலக் கலங்கிவிடும்.

சில வேளை கலம் சாகவில்லை, சாயம்தான் பொய் சொல்கிறது. உயிருள்ளதையும் இறந்ததையும் பிரிக்கும் சாயங்களில் பல புரதத்தோடு ஒட்டுபவை. சீரம் உள்ள ஊடகத்தில் அவற்றைப் போட்டால் சாயத்தைச் சீரமே தின்றுவிடும். முதலில் புரதமில்லாத பிபிஎஸ்ஸில் கழுவி, சாயமிட்டு, அதன் பிறகே பிறபொருளெதிரிகளைச் சேருங்கள்.

சளி வழிவிடவில்லை, கருவி அடைக்கிறது

100 மைக்ரோன் வலையில் ஊற்றி, வலையையும் கழுவுங்கள். ஓட்டுவதற்குச் சற்று முன் இன்னொரு தடவை வடியுங்கள். சளியைக் கரைக்கும் டிரிப்சின், டைதயோதிரெய்ற்றோல் போன்றவற்றைப் பிரஷ் மாதிரியில் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கலத்தின் மேற்பரப்புப் புரதங்களும் சேர்ந்து போகக்கூடும், நாம் எண்ண வந்ததே அவற்றைத்தான்.

திரையில் எல்லாம் எல்லா நிறத்திலும் ஒளிர்கிறது

பிரஷில் வருவதில் பெரும்பகுதி மேற்பரப்பை மூடியிருக்கும் மேலணிக் கலங்கள். பெரியவை, ஒட்டும், தாமாகவே ஒளிரும், அதுவும் நீலம், பச்சைப் பக்கத்தில் கூடுதலாக. அதனால் முக்கியமான, மங்கலான குறியை எஃப்ஐடிசி போன்ற பச்சைச் சாயத்தில் வைக்காதீர்கள், சிவப்பு லேசர் பக்கத்துக்கு மாற்றுங்கள். வெண்குழியங்களின் குறியான சிடி45 நல்ல பிரகாசமான சாயத்தில் இருக்கட்டும். ஒற்றைக் கலங்கள், உயிருள்ளவை, சிடி45, அதன் பிறகு சிடி3 என்று வரிசையாகத் தெரிவு செய்யுங்கள். நடுநாடிக் கலங்கள் (நியூட்ரோபில் வெண்குழியங்கள்) நிறைய வரும், சிடி66பி சேர்த்தால் அவற்றை ஒதுக்கலாம். எல்லைக் கோடுகளை ஒரு நிறம் விட்ட கட்டுப்பாட்டை (ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் சேர்த்த டியூப்) வைத்துத்தான் போட வேண்டும். அதற்குப் பிரஷ் கலம் காணாது, அதே பெண்ணின் இரத்தக் கலங்களைப் பயன்படுத்துங்கள். பிறபொருளெதிரி அளவையும் முன்கூட்டியே சீர்பார்த்திருக்க வேண்டும். இரத்தத்துக்கென்று போத்தலில் எழுதியிருக்கும் அளவு சில ஆயிரம் கலங்களுக்கு மிக அதிகம்.

சைட்டோகைன் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை

சைட்டோகைன் என்பது நிர்ப்பீடனக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல விடும் புரதம். முதல் கேள்வி: எதில் அளந்தீர்கள்? 10 மில்லிலீட்டர் பிபிஎஸ்ஸால் கழுவி எடுக்கும்போது, உள்ளே இருக்கும் அரை மில்லிலீட்டர் அளவு சுரப்பு ஏறத்தாழ 20 மடங்கு ஐதாகிறது. ஒருவரில் 9 மில்லிலீட்டர் திரும்பி வரும், இன்னொருவரில் 6. திரும்பி வந்த கனவளவை எழுதாத கழுவுநீர் மாதிரிக்கு அர்த்தம் பாதிதான். ஸ்வாப் என்றால் எடுக்க முன்னும் பின்னும் டியூபோடு எடை பாருங்கள். மரக்குச்சிப் பஞ்சு ஸ்வாப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே வகை, முடிந்தால் ஒரே தொகுதி வாங்குங்கள். கழுவுநீர் எண்களையும் ஸ்வாப் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

ஐஎல்-1ஆல்பா என்ற சைட்டோகைன் மட்டும் வானத்தில் நின்றால், கழுவுநீரை எவ்வளவு நேரம் கழித்து மையநீக்கியில் போட்டீர்கள் என்று பாருங்கள். மேலணிக் கலங்கள் அதைத் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும். கலங்கள் டியூபில் கிடந்து வெடித்தால் அது வெளியே வந்துவிடும்.

ஐஎல்-8 என்ற இன்னொரு சைட்டோகைன் எதிர்பார்த்ததை விடக் குறைவாகத் தெரிந்தாலும் சந்தேகிக்க வேண்டும். அது இங்கே மிக அதிகம். அளவு எல்லை கடந்தால் சில பரிசோதனைகளில் வாசிப்பு திரும்பிக் கீழே விழும். ஐதாக்காத ஒன்று, 50 மடங்கு ஐதாக்கிய ஒன்று என்று இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். சளி தடையாக நிற்கிறதா என்று அறிய, தெரிந்த அளவு சைட்டோகைனை மாதிரியில் சேர்த்து அளந்து பாருங்கள். 80 முதல் 120 வீதத்துக்குள் திரும்பக் கிடைத்தால் நல்லது. ஒரு பெண்ணின் எல்லா வருகைகளின் மாதிரிகளையும் ஒரே பரிசோதனைத் தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரே கலவை மாதிரி ஒன்று போகட்டும்.

ஸ்பெக்குலத்தில் ஜெல் பூசினார்களா என்றும் கேளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் அல்லது சேலைன் போதும். ஜெல் எல்லா அளவீட்டிலும் கைவைக்கும்.

எல்லாப் பெண்களிலும் அழற்சி உயர்வாகத் தெரிகிறது

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். அழற்சி எண் சும்மா ஒரு எண் இல்லை. தென்னாபிரிக்காவில் நடந்த கப்ரிசா 004 என்ற எச்ஐவி தடுப்பு ஜெல் ஆய்வின் மாதிரிகளில், பிறப்புறுப்பில் அழற்சிச் சைட்டோகைன்கள் உயர்ந்திருந்த பெண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது தெரியவந்தது. அத்தனை பாரம் இந்த எண்ணின் மேல் இருக்கிறது. ஆகவே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எழுதக் கூடாது.

சைட்டோகைன்களில் ஐஎல்-1பீட்டா கூடி, ஐபி-10 குறைந்திருந்தால் முதலில் பற்றீரியல் வஜினோசிஸைத் (யோனியின் பற்றீரியாச் சமநிலை குலைவது) தேடுங்கள். ஸ்லைட் ஒன்றைக் கிராம் சாயமிட்டு, 1991இல் வந்த நுஜென்ட் முறையில் புள்ளி போடுங்கள். 0 முதல் 3 வழமை, 4 முதல் 6 இடைநிலை, 7 முதல் 10 வஜினோசிஸ். பிஎச் தாளும் வையுங்கள், 4.5க்கு மேல் என்றால் சந்தேகம். இரத்தமும் விந்தும்கூட பிஎச்சை ஏற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

விந்து என்றவுடன் எல்லோரும் தயங்குகிறார்கள். அதில் அழற்சிப் புரதங்கள் ஏராளம், சேர்ந்திருந்த பிறகும் இரண்டு நாள் வரை அதன் தடயம் மாதிரியில் தெரியலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். யார் கேட்பது, எங்கே கேட்பது என்பதில்தான் விடயம் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் அதே ஊர்க்காரர், வீட்டுக்கு வந்துபோகிறவர். அவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் உண்மை சொல்லமாட்டார். கணவன் கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்கிற வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கேள்வியே ஒரு பழிபோலக் கேட்கும். உடுப்பு மாற்ற முன்னம், திரைக்குப் பின்னால், ஊரில் தெரியாத ஒரு பெண் உதவியாளர் கேட்கட்டும். "அக்கா, இது எல்லாரிட்டயும் கேக்கிற கேள்வி. இந்த ரெண்டு நாளுக்குள்ள சேர்ந்திருந்தா மாதிரி சரி வராது, வேற நாள் வைப்பம். ஓம், இல்லை ரெண்டில ஒண்டச் சொன்னாக் காணும்." காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் "ராத்தா" என்று தொடங்குங்கள். பதிலில் ஒரு கோடு மட்டும் போடுங்கள், காரணம் எழுதாதீர்கள். பிறகு ஆய்வுகூடத்தில் விந்தின் புரதத்தைக் காட்டும் பிஎஸ்ஏ பட்டியால் சரிபார்க்கலாம். அது பெண்ணைப் பரிசோதிக்க அல்ல, மாதிரியைப் பரிசோதிக்க. அந்த முடிவு யாருக்கும் வாய்மொழியாகப் போகக் கூடாது.

உள்ளே விட்டுச் சவர்க்காரத்தாலோ கிருமிநாசினியாலோ கழுவும் பழக்கம் இருக்கிறதா என்று இதே இடத்தில் கேட்கலாம். கருத்தடைக்கு மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி, லூப் எது பாவிக்கிறார் என்பதும் வேண்டும். ஊசியும் லூப்பும் கழுத்தின் கலங்களையும் புரதங்களையும் மாற்றும். லூப்பின் நூல் தெரிந்தால் பிரஷ் அதில் சிக்காமல் பார்க்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் நாளும் அப்படித்தான். நடுச்சுழற்சியில் சளி ஐதாகும், ஐஜிஏ, ஐஜிஜி என்ற பிறபொருளெதிரிகளின் அளவுகள் விழும். "மாதச்சுகயீனம் எப்ப வந்தது?" என்ற கேள்விக்கு வரும் பதில் பல வேளை தோராயம். ஆகவே இரத்தத்தில் புரோஜெஸ்டரோனையும் அளந்துவிடுங்கள்.

பழைய மாதிரிகள் மட்டும் தாழ்ந்து நிற்கின்றன

ஃபிரீசர். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது என்று பதிவேட்டில் இருக்கும், டீசல் இருந்ததா என்று இருக்காது. -80 பாகை ஃபிரீசரின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சிறு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் ஐசுக்குள் இறங்கியிருந்தால் அந்தத் தட்டு ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. மாதிரியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைத்தால் ஒவ்வொரு தேவைக்கும் முழுதையும் உருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வருகைக்கு அவர் வரவில்லை

இதையும் நான் மாதிரிக் கோளாறாகத்தான் எண்ணுகிறேன், ஏனென்றால் வராதவர்கள் ஒரே வகைப்பட்டவர்கள். நாட்கூலிக்கு வயலுக்குப் போகிறவர், மாமியாரிடம் காரணம் சொல்ல முடியாதவர், முதல் முறை வலித்தவர். இவர்கள் விடுபட்டால் மிஞ்சும் எண்கள் வேறு பெண்களின் கதையைச் சொல்லும். வலித்ததா என்று முதல் வருகையின் முடிவிலேயே கேட்டு எழுதுங்கள். ஒரே கிளினிக்கில் "வலித்தது" கூடினால் ஸ்பெக்குலத்தின் அளவைப் பாருங்கள். நடுத்தரம் மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, சிறியதும் வேண்டும். நோன்பு மாதத்தில் நாள் வைக்காதீர்கள், பகலில் உட்பரிசோதனைக்குப் பலர் சம்மதிக்கமாட்டார்கள். வெள்ளாமை வெட்டு நாட்களிலும் வேண்டாம். பஸ் காசைக் கையோடு கொடுங்கள். வஜினோசிஸோ வேறு தொற்றோ தெரிந்தால் அந்தப் பதில் நமது கட்டுரைக்கு முன்னம் அவர் கைக்குப் போக வேண்டும், அவர் சொன்ன வழியில், அவர் சொன்ன இலக்கத்துக்கு. வீட்டு இலக்கத்துக்கு எடுக்க முன்னம், யார் தூக்குவார்கள் என்று சம்மதப் படிவம் எழுதும்போதே கேட்டு வையுங்கள்.